மங்கு தாங்கிய மரம் கோப்பையாகும் விதம்

பால்மரத்தின் உழைப்புக் காலம் சற்றேறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள். கன்று நட்ட ஐந்தாறு ஆண்டுகளில் முதல் வெட்டு தொடங்குகிறது. பிறகு நாள்தோறும் மங்கு தாங்கி நின்று பால் தருகிறது. பட்டை தேய்ந்து பால் குறைந்ததும் மறுநடவுக்காகச் சாய்க்கப்படுகிறது. முற்காலத்தில் அவ்வாறு சாய்ந்த மரம் புகைக்கூட்டுக்கும், செங்கற் சூளைக்கும், லயன் வீட்டு அடுப்புக்கும் விறகாகவே போயிற்று. அதற்கு மேல் அதனால் பயனில்லை என்பதே பலரது எண்ணமாக இருந்தது.

அந்த எண்ணம் தவறானது என்பதை மரத்தொழில் மெய்ப்பித்துவிட்டது. இன்று ரப்பர் மரம் மேசை, நாற்காலி, கட்டில், விளையாட்டுப் பொருள் எனப் பல வடிவங்களில் உலகச் சந்தைக்குச் செல்கிறது. அதே மரத்தின் ஒரு சிறு துண்டைக் கடைந்து, மெல்லிய தண்டும் அகன்ற வாயும் கொண்ட கோப்பை ஒன்றை உருவாக்கி, அதற்கு அரக்குச் சாயம் ஏற்றுவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். மங்கைத் தாங்கி நின்ற மரம் தானே ஒரு கோப்பையாகும் விதத்தை அறிந்துகொள்ளத் தோட்டத் தொழிலாளர்களைவிட உரிமை உடையவர்கள் வேறு யாவர்?

உட்லண்ட்ஸும் ரப்பர் மரமும்

சிங்கப்பூரின் வடகோடியில், ஜோகூர் நீரிணைக்கு எதிரே அமைந்திருப்பது உட்லண்ட்ஸ். 1924-ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கடற்பாலம் அதனை ஜோகூர் பாருவுடன் இணைக்கிறது. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகராக விளங்கும் உட்லண்ட்ஸைச் சூழ்ந்த செம்பவாங், மண்டாய், நீ சூன் ஆகிய பகுதிகளில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்தன. நம் மக்கள் பலர் அங்கே பால் வெட்டி வாழ்ந்தனர்.

ரப்பர்த் தொழிலின் வேரும் அத்தீவில்தான் இருக்கிறது. 1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தின் உயிருக்குக் கேடு செய்யாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தார். இன்று நம் கையில் உள்ள பால்வெட்டுக் கத்தி அந்த முறையின் வழிவந்ததே.

சிங்கப்பூரில் ரப்பர்த் தோட்டங்கள் மறைந்துவிட்டன. ஆயினும் உட்லண்ட்ஸை ஒட்டியுள்ள சுங்கை காடுட் தொழிற்பேட்டை, மர ஆலைகளுக்கும் தளவாடப் பட்டறைகளுக்கும் நெடுங்காலம் இருப்பிடமாக விளங்கியது. கடற்பாலத்துக்கு இப்பால், ஜோகூர் மாநிலத்தின் மூவார் நகரம் ரப்பர் மரத் தளவாடங்களுக்குப் பெயர் பெற்றது. ஆகவே ரப்பர் மரத்தைக் கடையும் கலையைப் பற்றிப் பேசுவதற்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒருங்கே பொருத்தமானவை.

மரத்தைத் தேர்ந்து உலர்த்துதல்

ரப்பர் மரம் வெளிர்மஞ்சள் நிறமுடையது. உலர்ந்தபின் ஒரு கன மீட்டர் மரம் ஏறத்தாழ 560 முதல் 640 கிலோகிராம் எடை இருக்கும். மிகக் கடினமும் அன்று, மிக மென்மையும் அன்று. உளிக்கு இணங்கும், ஆணிக்கும் பசைக்கும் பிடி கொடுக்கும். வெளிர் நிறமாதலால் எந்தச் சாயமும் அதன்மேல் தெளிவாகத் தோன்றும்.

அதற்கு இரண்டு பகைகள் உண்டு. மரத்துள் மாவுச்சத்தும் சர்க்கரைச் சத்தும் மிகுதியாக இருப்பதால், வெட்டிய சில நாள்களுக்குள் பூஞ்சணம் பற்றி மரம் நீலமாகக் கறைபடும். அடுத்து, மரத்தைத் துளைத்து மாவாக்கும் சிறு வண்டுகள் குடியேறும். இதனாலேயே ஆலைகளில் மரத்தை உடனுக்குடன் அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்துடன் உட்செலுத்தி, பிறகு சூட்டறையில் உலர்த்துகிறார்கள். முன்னாளில் விறகாக மட்டுமே கருதப்பட்ட மரத்தைத் தளவாட மரமாக மாற்றிய அறிவு இதுதான்.

கோப்பைக்கு 60 மில்லிமீட்டர் சதுரமும் 180 மில்லிமீட்டர் நீளமும் உள்ள துண்டு போதுமானது. நடுத்தண்டின் வெட்டுத்துண்டே நல்லது. கிளைத்துண்டின் நடுவில் சோற்றி இருக்கும். உலரும்போது அந்த இடத்திலிருந்தே வெடிப்பு கிளம்பும். சாய்த்த மரத்திலிருந்து எதனை எடுப்பதாயினும் தோட்ட நிருவாகத்தின் அனுமதியைப் பெற்ற பின்னரே எடுக்க வேண்டும்.

பச்சை மரத்தைக் கடைந்தால் கோப்பையின் வாய் நீள்வட்டமாகக் கோணிவிடும். துண்டின் இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில், காற்று புகும்படி இடையிடையே குச்சி வைத்து அடுக்க வேண்டும். உலர்ந்துவிட்டதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை அந்தத் துண்டை நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்து, பல வாரங்கள் மாறாமல் நின்றால் மரம் காற்றோடு சமநிலை அடைந்துவிட்டது என்று பொருள். பால் நிறுத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதன்று.

பால்வெட்டுக் காயமும் மரத்தின் தரமும்

இங்கே ஒரு செய்தியைச் சிந்திக்க வேண்டும். நல்ல பால்வெட்டாளர் பட்டைக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள வளர்படலத்தைத் தொடுவதில்லை. அதற்கு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் வெளியிலேயே கத்தியை நிறுத்திவிடுகிறார். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படுகிறது. காயம் ஆறும்போது அந்த இடத்தில் முண்டும் முடிச்சும் தோன்றுகின்றன. மறுபட்டையில் மீண்டும் வெட்டுவது கடினமாகிறது.

அந்தக் காயத்தின் விளைவு பட்டையோடு நின்றுவிடுவதில்லை. மரத்தின் நார்கள் அவ்விடத்தில் திருகி வளர்கின்றன. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மரம் கடைசல் எந்திரத்தில் ஏறும்போது, திருகிய நாரில் உளி சிக்கிப் பிசிறு கிளப்புகிறது. மெல்லிய தண்டு அந்த இடத்தில்தான் ஒடிகிறது. கவனமாக வெட்டப்பட்ட மரம் பாலும் மிகுதியாகத் தருகிறது, முடிவில் நல்ல மரமாகவும் அமைகிறது.

எந்திரமும் உளிகளும்

கடைசல் எந்திரம் என்பது மரத்தைக் கிடைநிலையில் பிடித்துச் சுழற்றும் கருவி. தச்சர் இழைக்கும்போது மரம் நிற்கிறது, உளி நகர்கிறது. கடைசலில் மரம் சுழல்கிறது, உளி அமைதியாக நிற்கிறது. எந்திரத்தின் இடப்புறத்தில் மரத்தைப் பற்றிச் சுழற்றும் தலைப்பகுதியும், வலப்புறத்தில் மரத்தின் மறுமுனையைத் தாங்கும் வால்பகுதியும் உண்டு. இரண்டுக்கும் நடுவே உளியைச் சார்த்திப் பிடிப்பதற்கான தாங்கி இருக்கிறது.

மூன்று உளிகள் தேவை. முரட்டு மரத்தை உருட்டவும் குழி தோண்டவும் உட்குழிந்த வாய் உடைய உளி. வழவழப்பாகச் சீவுவதற்குச் சாய்வாய் உளி. அளவுக் கோடு வெட்டவும் கடைசியில் துண்டிக்கவும் ஒடுக்கமான உளி. ரப்பர் மரத்தின் சில பகுதிகளில் நார் பஞ்சுபோல் எழும்பும் இயல்பு உண்டு. ஆகவே உளியின் கூர்மை மிக முக்கியம். கத்தியைத் தீட்டாமல் காலைப் பிரட்டுக்குச் செல்லும் பால்வெட்டாளர் இல்லை. அந்தப் பழக்கம் இங்கும் உதவும்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சுழலும் மரம் தளர்ந்த ஆடையைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். ஆகவே கைலி, துண்டு, தாவணி, வளையல், மோதிரம், கைக்கடிகாரம், கையுறை ஆகிய எதுவும் கூடாது. நீண்ட கூந்தலை இறுகக் கட்ட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும், தூசு மூச்சில் சேராமல் இருக்க முகமூடியும் அணிய வேண்டும். எந்திரத்தை முடுக்குமுன் மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி, அது தாங்கியில் இடிக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அளவு பார்க்கும்போது எந்திரத்தை நிறுத்துவது கட்டாயம்.

உள்ளே முதலில், தண்டு கடைசியில்

மெல்லிய தண்டுக் கோப்பையைக் கடைவதில் வெற்றியும் தோல்வியும் வேலையின் வரிசை முறையைப் பொறுத்தவை. கண்ணுக்கு அழகாகத் தெரிவது தண்டு என்பதால், புதியவர்கள் அதனையே முதலில் மெலிதாக்க விரும்புவார்கள். அப்படிச் செய்தால், பிறகு கிண்ணத்தின் உள்ளே உளியை வைத்த கணமே மரம் அதிர்ந்து தண்டு முறியும். கனத்த மரம் அடியில் இருக்கும்போதே பளுவான வேலைகளை முடித்துவிட வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை விதி.

முதலில், துண்டின் இரு முனைகளிலும் மூலைக்கு மூலை கோடு இழுத்து நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டும். இரு புள்ளிகளுக்கும் இடையே மரத்தைப் பிடித்து, நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று என்னும் நிதான வேகத்தில் சதுரத்தை உருளையாக்க வேண்டும். ஒரு முனையில் சிறு கழுத்து வெட்டி, அதனைத் தலைப்பகுதியின் பற்றுக்கருவியில் இறுகப் பொருத்த வேண்டும்.

இரண்டாவதாக, கிண்ணத்தின் உட்பகுதி. நடுவில் 55 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அந்த ஆழத்தை வெளிப்புறத்திலும் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. அக்கோடு இல்லாவிட்டால், கிண்ணத்தின் அடி எங்கே முடிகிறது என்பது தெரியாமல் தண்டுக்குள்ளேயே தோண்டிவிட நேரும். உளியை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்த்த வேண்டும். அப்போதுதான் நார்கள் படிந்து வெட்டுப்படும். உட்புறம் வடிவம் பெற்றதும், உப்புத்தாளால் அப்போதே முழுமையாகத் தேய்த்து முடித்துவிட வேண்டும். மீண்டும் அங்கே திரும்ப வாய்ப்பில்லை.

மூன்றாவதாக, கிண்ணத்தின் வெளிப்புறம். இங்கே பருத்த இடத்திலிருந்து சிறுத்த இடத்தை நோக்கி உளி இறங்க வேண்டும். சுவரின் கனம் தொடக்கத்தில் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். கை தேர்ந்தபின் 3 மில்லிமீட்டர் ஆக்கலாம். கிண்ணத்தின் வெளிப்புறச் சாயத்தையும் இந்தக் கட்டத்திலேயே ஏற்றிவிட வேண்டும். அரக்குக் கோலை அழுத்தும்போது ஏற்படும் விசையை மெல்லிய தண்டு தாங்காது.

நான்காவதாக, தண்டு. கிண்ணத்தின் வாய்க்குள் மென்மையான துணிப்பந்தை அடைத்து, வால்பகுதியின் முனை அதனைத் தொட்டு நிற்கும்படி நகர்த்த வேண்டும். தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் தண்டு வில்போல் வளைந்து ஒடியும். கிண்ணத்தின் அடியிலிருந்து தொடங்கி, 20 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு பகுதிகளாகத் தண்டை மெலிதாக்கி வர வேண்டும். ஒரு பகுதியைச் சீவி, தேய்த்து, சாயமேற்றி முடித்த பிறகே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். முடிந்த பகுதிக்கு மீண்டும் உளியைக் கொண்டுபோகக் கூடாது. தண்டின் குறுக்களவு தொடக்கத்தில் 10 மில்லிமீட்டர் இருக்கலாம். பழகியவர் 6 மில்லிமீட்டர் வரை கொண்டு செல்வார்.

இறுதியில் பாதம். பாதத்தின் அகலம் கிண்ணத்தின் வாயகலத்தில் நான்கில் மூன்று பங்கு இருந்தால் கோப்பை கவிழாமல் நிற்கும். அடிப்புறத்தைச் சற்றே உட்குழிவாக வெட்டினால் மேசைமேல் ஆடாது. துண்டிக்கும் கட்டத்தில் வேகத்தைக் குறைத்து, ஒரு கை கோப்பையை இறுகப் பிடிக்காமல் தாங்கியிருக்க, மறு கையிலுள்ள ஒடுக்கமான உளி வேலையை முடிக்கும்.

அரக்குச் சாயம்

சாயமேற்றும் முறைக்கு நாம் தென்னிந்தியாவை நோக்க வேண்டும். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் உள்ள சன்னபட்டணம், ஆந்திராவில் வராக நதிக்கரையில் உள்ள ஏட்டிகொப்பாகா, நம் தமிழகத்தின் அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்கள் கடைசல் மரப்பொருள்களுக்குப் புகழ் வாய்ந்தவை. சிறுமியர் விளையாடும் செப்புச் சாமான்களை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. ஏட்டிகொப்பாகா பொம்மைகளுக்கு 2017-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே தாவரச் சாயங்களுக்குப் புத்துயிர் அளித்த சி. வி. ராஜுவுக்கு 2023-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

சன்னபட்டணத்திலும் ஏட்டிகொப்பாகாவிலும் வழிவழியாகக் கடையப்பட்டு வந்தது வெப்பாலை மரம். கிளையை ஒடித்தால் வெண்ணிறப் பால் வடியும் மரம் அது. சன்னபட்டணத்துக் கைவினைஞர்கள் இப்போது ரப்பர் மரத்தையும் பயன்படுத்துகிறார்கள். ஒரு பால்மரம் செய்த வேலையை மற்றொரு பால்மரம் ஏற்றுக்கொண்டது எனலாம்.

அரக்கு என்பது ஒருவகைச் சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரந்து வைக்கும் பிசின். பாண்டவர்களுக்காகக் கட்டப்பட்ட அரக்கு மாளிகையையும், தபாலில் வரும் அரக்கு முத்திரையையும் நாம் அறிவோம். சூட்டில் இளகுவதும் ஆறினால் இறுகுவதும் அதன் குணம். கைவினைஞர் அரக்கைக் கரியடுப்பின் வெதுவெதுப்பில் இளக்கி, நிறப்பொடி சேர்த்துப் பிசைந்து, கோலாக உருட்டி ஆறவைக்கிறார்.

கடைந்த மரம் வேகமாகச் சுழலும்போது இந்தக் கோலை அதன்மேல் அழுத்தினால், உராய்வினால் சூடு பிறக்கிறது. அச்சூட்டில் அரக்கு இளகி மரத்தின்மேல் படிகிறது. தூரிகையும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். பிறகு உலர்ந்த தாழை மடலை மடித்துச் சுழலும் மரத்தில் பதித்தால், திட்டுத்திட்டாக இருந்த அரக்கு ஒரே சீராகப் பரவிக் கண்ணாடிபோல் மின்னும். மரத்தில் தூசும் எண்ணெய்ப் பசையும் இருந்தால் அரக்கு ஒட்டாது. பல நிறங்கள் இடுவதாயின் வெளிர் நிறத்தை முதலிலும் கருமையானதைப் பின்னரும் இடுவது நலம். தண்டில் சாயம் ஏற்றும்போது கோலை மெதுவாகத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும்.

நிறத்துக்கு மஞ்சள், அவுரி, சாப்பிரா விதை போன்ற தாவரப் பொருள்கள் உள்ளன. ஈயம் கலந்த சிவப்பு, மஞ்சள் நிறப்பொடிகளை அறவே தவிர்க்க வேண்டும். குழந்தைகள் எந்தப் பொருளையும் வாயில் வைப்பார்கள். ஈயம் சிறு அளவிலும் அவர்களது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது

கோப்பை வடிவம் கொண்டதாலேயே அதில் பானம் பருகலாம் என்று கருதிவிடக் கூடாது. ஆலையில் பதப்படுத்தப்பட்ட ரப்பர் மரத்தில் போரான் உப்பு இருக்கிறது. அது நீரில் கரையும் தன்மையுடையது. மேலும், அரக்கு ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இளகிவிடும். சூடான தேநீர் பட்டால் பிசுபிசுக்கும். மதுவில் உள்ள சாராயம் அரக்கைக் கரைத்துவிடும். எனவே இதனைக் காட்சிப் பொருளாகவோ, பரிசுக் கோப்பையாகவோ, குங்குமம், ஊசி, பொத்தான் முதலிய உலர்ந்த பொருள்களை வைக்கவோ பயன்படுத்தலாம். தோட்டத்துப் பந்து விளையாட்டுப் போட்டிக்கும் பள்ளியின் விளையாட்டு விழாவுக்கும் கடையில் வாங்கும் நெகிழிக் கோப்பைக்குப் பதிலாக, அத்தோட்டத்து மரத்திலேயே கடைந்த கோப்பையைப் பரிசளிப்பது பொருத்தமாக இருக்கும் அன்றோ? விற்பவர்களும் இது பருகுவதற்கு உரியதன்று என்பதை வாங்குவோரிடம் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத் தொழிலாளர்க்கு நமது வேண்டுகோள்

ஒரே மாதத்தில் இத்தொழில் கைவந்துவிடும் என்று நாம் கூறவில்லை. முதல் சில கோப்பைகள் தண்டு ஒடிந்தே போகும். அனுபவமுள்ள கடைசல்காரரின் அருகில் நின்று கற்பதே முறை. தனியொருவர் எந்திரம் வாங்குவது பெருஞ்செலவு. இளைஞர் மன்றமோ கூட்டுறவுச் சங்கமோ பொதுவாக ஒன்றை வாங்கினால் பலர் முறைவைத்துப் பழகலாம்.

மில்லிமீட்டர் கணக்கில் பட்டையைச் சீவி, மரத்தைக் காயப்படுத்தாமல் கத்தியை நிறுத்தும் கைப்பக்குவம் நம் தொழிலாளர்களிடம் ஏற்கெனவே உண்டு. கடைசலுக்கு வேண்டிய முதற்பாடமும் அதுவே. பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுங்கள். அடுத்த மறுநடவின்போது மரங்கள் சாயும் நாளில், அவற்றை விறகாக மட்டும் பாராமல், நாரோட்டம் நேராக உள்ள துண்டு எது என்று தேடிப் பார்க்கும் கண் அவர்களுக்கு வாய்க்கட்டும்.